மூச்சே எடுக்காத இசைக்குழு

காலை ஆறு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. காற்று அசையவில்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி மூடுபனி இறங்கியிருந்த ஒரு காட்டில், ஆற்றங்கரைப் பாறையின் மேல் நான்கு மாணவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றவள் மருளி என்னும் சருகுமான் குட்டி. அவளுடைய நான்கு கால்களும் நடுங்கிக்கொண்டிருந்தன. யாராவது கேட்டால் குளிர் என்று சொல்லிவிடலாம் என முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள்.

சருகுமானை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், குழந்தைகளே. உருவத்தில் முயலைப் போலத்தான் இருக்கும். கொம்பு கிடையாது. அருகில் ஓர் இலை உதிர்ந்தாலும் திடுக்கிட்டுப் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். மருளியோ அந்த இனத்திலேயே மிகவும் பயந்தவள்.

அப்படிப்பட்டவள் பள்ளியின் இசைக்குழுவில் எப்படிச் சேர்ந்தாள்? அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்தக் காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பு சில விலங்குகள் அக்கரைக்கு மேயப் போகும். ஆறு பெருகிவிட்டால் வெள்ளம் வடியும் வரை அவை திரும்ப முடியாது. வடிந்த பிறகும் ஆற்றைக் கடக்க ஒரே வழிதான் உண்டு. தண்ணீருக்கடியில் கிடந்த ஒரு கல்வரப்பின் மேல் நடந்து வரவேண்டும். அதன் ஒரு பக்கம் ஆழமான மடு. விடியற்காலையில் பனி மூடியிருக்கும். பனி விலகட்டும் என்று காத்திருந்தால், மலையில் பெய்த மழைநீர் வந்து சேர்ந்து வரப்பின் மேல் நடக்க முடியாத ஆழத்துக்கு ஏறிவிடும்.

ஆகவே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடக்கும் நாளில் பள்ளியின் இசைக்குழு இக்கரைப் பாறையில் நின்று, ஒரே ஒரு சுரத்தை இடைவிடாமல் பாடும். கடப்பவர்கள் அந்த ஒலியை நோக்கி நேராக நடப்பார்கள். ஒலி நின்றால் அவரவர் இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும். ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

மருளியின் தாய் அக்கரையில் இருந்தாள். போன இடத்தில் அவளுக்கு ஒரு குட்டி பிறந்திருப்பதாக மீன்கொத்தி வந்து சொல்லியிருந்தது.

'அம்மா நடுவாற்றில் நடந்துகொண்டிருக்கும்போது பாட்டு நின்றுவிட்டால்?'

இந்த எண்ணம் தோன்றிய நாளிலிருந்து மருளிக்குத் தின்ற தளிர் உடம்பில் ஒட்டவில்லை. யாரோ பாடுவார்கள் என்று கரையில் காத்திருப்பதைவிட, தானே அங்கே நின்று பாடுவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் இசை ஆசிரியையான இருவாச்சிப் பறவையின் முன் போய் நின்றாள்.

"என்ன வேண்டும்?" என்றாள் இருவாச்சி.

மருளியின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"தாகமா? பள்ளியின் பின்னால் ஊற்று இருக்கிறது."

மருளி தலையை ஆட்டி மறுத்தாள்.

"பாட வந்தாயா?"

"ஆமாம், டீச்சர்."

"சரி, வரிசையின் கடைசியில் நில். எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். ஒலி அறுபடக் கூடாது."

குழுவில் முன்பே மூன்று பேர் இருந்தார்கள். முதலில் நின்றவன் ஒயிலன் என்னும் மயில். தற்பெருமை மிக்கவன். அடுத்தவன் பூதப்பன் என்னும் காட்டெருமைக் கன்று. பிடித்தால் பிடித்த பிடிதான், விடமாட்டான். மூன்றாமவள் சுறுக்கி என்னும் நரிக்குட்டி. அவளுடைய தந்திரத்துக்கு அளவே இல்லை.

முதல் நாள் பயிற்சியிலேயே மருளிக்கு ஓர் உண்மை தெரிந்துவிட்டது. மனத்துக்குள் எண்ணிக்கொண்டே பாடினாள். பன்னிரண்டு வந்ததும் மூச்சு தீர்ந்தது. வாயை மூடி, மூக்கு அதிரக் காற்றை இழுத்தாள்.

ஒயிலன் கழுத்தை வளைத்துத் திரும்பினான். "அது என்ன சத்தம்? வயிற்றுவலியா?"

"மூச்சு... மூச்சு எடுத்தேன்."

"பாட்டுக்கு நடுவிலா? நானெல்லாம் மூச்சே எடுப்பதில்லை, அம்மா! தொடங்கினால் முடியும் வரை ஒரே இழைதான். என்னடா, பூதப்பா?"

பூதப்பன் ஒரு கணம் தயங்கினான். "நானும் எடுப்பதில்லை" என்றான்.

"மூச்சு எடுப்பதாக இருந்தால் வீட்டிலேயே இருந்து எடுக்கலாமே! இங்கே எதற்கு வரவேண்டும்?" என்று சொல்லிச் சிரித்தாள் சுறுக்கி.

மருளி அன்று இரவு உறங்கவில்லை. 'இவர்கள் எல்லோருக்கும் முடிகிறது. எனக்கு மட்டும் பன்னிரண்டுதான். ஆசிரியைக்குத் தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள். அனுப்பாவிட்டால் அதைவிட ஆபத்து. என்னால் பாட்டு அறுந்துபோகும். அம்மா நடுவாற்றில் நின்றுவிடுவாள்.' எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமே வந்து நின்றது.

அதன் பிறகு நாள்தோறும் பள்ளி விட்டதும் பெரணிப் புதருக்குள் புகுந்து மூச்சை அடக்கிப் பழகினாள். பதின்மூன்று எண்ணினால் கண் இருண்டது. பதினான்கு எண்ணியபோது கால் மடங்கி விழுந்தாள். கண் திறந்தபோது எதிரே சுறுக்கி உட்கார்ந்திருந்தாள்.

"அடியே, செத்துப்போக இதைவிடச் சுலபமான வழிகள் இருக்கின்றன" என்றாள் சுறுக்கி.

மருளி அழுதுவிட்டாள். தன் பன்னிரண்டு கணக்கை முழுவதும் சொன்னாள்.

சுறுக்கி இங்குமங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். பாறையின் அடியில் ஒரு பிளவு இருக்கிறதல்லவா? ஆற்றுநீர் அதில் ஏறி இறங்கும்போது குபுக்கென்று ஒரு சத்தம் வரும். பத்து எண்ணும் நேரத்துக்கு ஒரு தரம் வரும். அந்தச் சத்தத்துக்குள் மூச்சை இழுத்துக்கொள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது."

"அது தவறில்லையா?"

"நாங்கள் மற்ற மூவரும் பாடிக்கொண்டுதானே இருக்கப் போகிறோம்? ஒருத்தி எடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் இதற்குப் பதிலாக நீ எனக்கு ஏழாம் வாய்ப்பாட்டை எழுதித் தரவேண்டும். நாளைக்குள்."

மருளி எழுதிக் கொடுத்தாள்.

ரகசியம் பலித்தது. குபுக்கென்ற சத்தம் வரும்போதெல்லாம் மருளி மூச்சை இழுத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாறையிலேயே நின்று கேட்ட ஆசிரியையும் "நன்று" என்றுதான் சொன்னாள். ஆனாலும் மருளியின் மனம் அமைதி அடையவில்லை. முன்பு இருந்தது முடியவில்லை என்ற பயம். இப்போது அதனுடன் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

இப்படி நாற்பது நாட்கள் கழிந்தன. கடக்கும் நாள் வந்தது. ஆசிரியை இருவாச்சி முந்தின நாளே அக்கரைக்குப் பறந்து சென்றிருந்தாள். கூட்டத்தை வழிநடத்தி அழைத்து வருவது அவள் பொறுப்பு. பாறையில் நால்வர் மட்டுமே நின்றார்கள்.

பனிக்குள்ளிருந்து இருவாச்சியின் குரல் வந்தது. "தொடங்குங்கள்!"

நால்வரும் தொடங்கினார்கள். ஆற்றில் கால்கள் இறங்கும் ஓசை கேட்டது. முன்னால் ஒரு கிழட்டுக் கடமான். அதன் முதுகில் இருவாச்சியும், மருளி இன்னும் பார்த்திராத தங்கையும். நடுவில் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம். கடைசியில் மருளியின் தாய். இப்படித்தான் வருவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

பாறையடியில் குபுக்கென்றது. மருளி மூச்சை இழுத்துக்கொண்டாள். மீண்டும் குபுக். மீண்டும் இழுத்தாள். மூன்றாவது குபுக்குக்குப் பின் இருவாச்சி அலறினாள்.

"ஏன் நிறுத்தி நிறுத்திப் பாடுகிறீர்கள்? தண்ணீர் ஏறுகிறது! நிற்க முடியவில்லை!"

நால்வரும் பாடியபடியே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூவரின் பார்வையும் மெதுவாக வந்து மருளியின் மேல் நின்றது.

'என்னால்தான். நான் ஒருத்தி மூச்சு எடுத்ததால்தான் ஒலி அறுந்தது. அம்மா கழுத்தளவு நீரில் நிற்கிறாள்.'

மறுபடியும் குபுக்கென்றது. பனிக்குள் நீரை உதைக்கும் சத்தம். பன்றிக்குட்டி ஒன்று கிறீச்சிட்டது. "அந்தப் பக்கம் போகாதே! அது பாட்டில்லை, பிளவின் சத்தம்! அங்கே மடு இருக்கிறது! நில்!" என்று கத்தினாள் இருவாச்சி.

மருளி ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த குபுக்கில் மூச்சு எடுப்பதில்லை. கண் இருண்டாலும் சரி, கால் மடங்கினாலும் சரி. பாடிக்கொண்டே எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து.

குபுக்!

மருளி வாயை மூடவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் அவளுக்கு ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல். நடுங்கும் குரல். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதன் பக்கத்திலும் வேறு குரலே இல்லை. அது அவளுடைய குரல்தான்.

அவள் பக்கவாட்டில் பார்த்தாள். ஒயிலனின் அலகு திறந்திருந்தது, நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது. பூதப்பனின் விலா புடைத்துக்கொண்டிருந்தது. சுறுக்கியின் மூக்கு விரிந்திருந்தது. மூவரும் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் அடங்கியதும் மூவரும் ஒன்றுமே நடவாததுபோலப் பாடத் தொடங்கினார்கள்.

குழந்தைகளே, மருளிக்கு முன்னால் இப்போது ஒரு கதவு திறந்திருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். அவள்மேல் தவறில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் பேசாமல் இருந்தால் அடுத்த குபுக் வரும். பேச வேண்டுமானால் பாட்டை நிறுத்த வேண்டும். நாற்பது நாட்களாக எதை மறைத்தாளோ அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அவள் முன்னங்காலால் பாறையைத் தட்டினாள்.

"நான் மூச்சு எடுக்கப் போகிறேன்" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. "நீங்கள் இப்போது எடுக்காதீர்கள்."

ஒயிலன் பாட்டை நிறுத்திவிட்டான். "கேட்டாயா! மூச்சு எடுக்கிறாளாம்! அதைச் சொல்லிவிட்டு வேறு எடுக்கிறாளாம்!"

"வாயை மூடடி!" என்று மருளியைப் பார்த்துச் சீறினாள் சுறுக்கி.

பூதப்பன் மட்டும் நிறுத்தவில்லை. பிடித்த சுரத்தைப் பிடித்தபடி, கண் பிதுங்க நின்றான். பனிக்குள் கால்கள் மெல்ல நகரும் ஓசை கேட்டது.

"நாம் எல்லோரும் குபுக் சத்தத்தில் எடுக்கிறோம். நான் இப்போதுதான் பார்த்தேன். நால்வரும் ஒரே நேரத்தில் எடுக்கிறோம். அந்த நேரம் யாருமே பாடுவதில்லை" என்றாள் மருளி.

"நான் எடுப்பதே இல்லை!" என்றான் ஒயிலன்.

பூதப்பனின் குரல் தேயத் தொடங்கியது. மருளியின் காதுகள் பின்னால் படிந்தன. இந்த ஒரு குரலும் நின்றால் அம்மாவுக்கு அங்கே பிளவின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"அப்படியா, அண்ணா?" என்றாள் அவள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். "அப்படியானால் நல்லதாயிற்று. இனி முடியும் வரை நீங்கள் ஒருவரே பாடுங்கள். எங்களுக்கு மூச்சு போதவில்லை. நாங்கள் மூவரும் நிறுத்திக்கொள்கிறோம்."

ஒயிலனின் நீண்ட கழுத்து மெல்லச் சுருங்கியது. ஆற்றுப் பக்கம் பார்த்தான். பூதப்பனைப் பார்த்தான்.

"முடியாது" என்றான். "முப்பதுக்கு மேல் எனக்கு வராது. சுறுக்கிதான் அந்தக் குபுக் வழியைச் சொன்னாள். எனக்கு மட்டும் என்று சொன்னாள். எட்டாம் வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தேன்."

பூதப்பன் சுரத்தை விடாமலே மூக்கால் உறுமினான். தானும் ஒன்பதாம் வாய்ப்பாடு எழுதிக் கொடுத்ததை அவன் சொல்ல முடியாத நிலை.

சுறுக்கி வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டாள். "பயிற்சியில் நன்றாகத்தானே நடந்தது? அப்போது யாருக்கு வேண்டுமோ அவர்கள் மட்டும் எடுத்தீர்கள். இன்றைக்குப் பயந்துபோய் எல்லோரும் ஒவ்வொரு குபுக்குக்கும் எடுத்தால் நான் என்ன செய்வேன்? நானும்தான் பயந்து எடுத்தேன்."

"சண்டை பிறகு" என்றாள் மருளி. தன் வாயிலிருந்து வந்த சொல்தானா அது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. "குபுக்கை மறந்துவிடுங்கள். என்னுடைய மூச்சுதான் குறைவு. நான் அடிக்கடி எடுப்பேன். எடுக்கும்போது காலால் தட்டுவேன். அண்ணா, உங்களுக்கு வேண்டும்போது இறகை விரித்துக் காட்டுங்கள். சுறுக்கி, நீ வாலை உயர்த்து. பூதப்பா, நீ தலையைக் குனி. ஒருவர் காட்டினால் மற்றவர்கள் எடுக்கக் கூடாது. பூதப்பா, முதலில் நீ எடு! இப்போதே!"

மூவரும் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பூதப்பன் தலையைக் குனிந்து, புல்வெளி முழுவதையும் இழுத்துவிடுவதுபோல ஒரு மூச்சு இழுத்தான்.

எல்லாம் உடனே சீராகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை இறகும் வாலும் ஒரே நேரத்தில் எழுந்தன. இன்னொரு முறை மருளி தட்ட மறந்து மூச்சை இழுத்துவிட்டாள், பூதப்பன் கண்ணை உருட்டினான். ஒலி சில நேரம் தடித்தது, சில நேரம் ஒற்றை நூலாக மெலிந்தது. பாறையடியில் குபுக்கென்று வந்துகொண்டே இருந்தது. அதற்கு மேலே, அறுபடாமல், ஒரே சுரம் நின்றது.

மருளி எண்ணுவதை விட்டுவிட்டாள். ஆற்றின் ஓசையை மட்டும் கேட்டாள். நீரில் கால் வைக்கும் சத்தம் நெருங்கி வந்தது. பனிக்குள் முதலில் கடமானின் கொம்பு தெரிந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பன்றிகள். அதற்குப் பிறகு நெடுநேரம் யாரும் வரவில்லை. மருளியின் குரல் இறங்கியது. காலைத் தட்டி மூச்சை இழுத்து, மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக, கழுத்து வரை நனைந்த ஒரு சின்ன உருவம் தள்ளாடிக் கரையேறியது. ஏறியதும் உடம்பை உதறியது. மருளி பாடிக்கொண்டே இருந்தாள். இருவாச்சி "போதும், எல்லோரும் வந்துவிட்டார்கள்" என்று இரண்டு தரம் சொன்ன பிறகே நிறுத்தினாள்.

தாய் அவளை நெருங்கி முகர்ந்து பார்த்தாள். "நடுவாற்றில் தனியாக ஒரு குரல் கேட்டதே, அது நீயா?"

"ஆமாம், அம்மா."

"உன் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றாள் தாய். கடமானின் முதுகிலிருந்த குட்டி அந்த நேரம் பார்த்துத் தும்மியது.

இருவாச்சி நால்வரின் முன்னும் வந்து இறங்கினாள். அவளுடைய சிறகுகள் இன்னும் பதறிக்கொண்டிருந்தன. "பாட்டை நிறுத்தியது யார்?"

ஒயிலன் ஆற்றைப் பார்த்தான். பூதப்பன் தன் குளம்பைப் பார்த்தான். சுறுக்கி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எல்லோரும் சேர்ந்துதான், டீச்சர்" என்றாள் மருளி. பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். தன்னுடைய பன்னிரண்டு கணக்கையும் சொன்னாள்.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. இருவாச்சி பள்ளிக்கு முன்னதாகவே வந்து, நீண்ட மூச்சு உள்ளவருக்குப் பக்கத்தில் குறுகிய மூச்சு உள்ளவர் நிற்கும்படி குழுவின் வரிசையை மாற்றி அமைத்தாள். ஒயிலன் ஒரு மரக்கிளையில் அமர்ந்து, முறைவைத்து மூச்சு எடுப்பது தன்னுடைய யோசனைதான் என்று தவிட்டுக்குருவிகளிடம் விளக்கிக்கொண்டிருந்தான். பூதப்பன் ஒரு பெரிய கல்லை உருட்டிக்கொண்டுபோய்ப் பாறைப்பிளவை அடைக்கப் பார்த்தான். கல் உள்ளே விழுந்துவிட, அடுத்த கல்லைத் தேடிப் போனான். சுறுக்கி வயிற்றுவலி என்று சொல்லிப் புதருக்குள் படுத்திருந்தாள், நண்பகல் வரை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. மருளியின் தாய் குட்டியை நக்கிவிட்டு வெயிலில் கால் நீட்டினாள்.

மருளி பாதி வகுப்பு முடிந்த பிறகு பள்ளிக்கு வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் தாமதம்?" என்று கேட்டாள் இருவாச்சி.

"தூங்கிவிட்டேன், டீச்சர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நீதி: பலர் கூடிச் செய்யும் காரியத்தில், தன்னால் இயலாததை மறைப்பவரைவிட, அதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்பவரே மற்றவர்களுக்கு அதிகம் துணையாவார்.